புதுப்பிப்பு: எச்ஐவி, தொண்டைப் பூஞ்சை, ரத்தசோகை – மாமா இப்போது தேறிவிட்டார்

பென்னாகரத்தில் இருக்கும், எச்ஐவி உள்ள மாமாவுக்கு விழுங்கும்போது வலி, ஹீமோகுளோபின் 6.4, என்ன காரணம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நாக்கில் தயிர் ஏடு போலப் படிந்திருந்தது கேண்டிடா பூஞ்சை, உணவுக்குழாய்க்கும் இறங்கியிருந்தது. சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 200-க்குக் கீழே. இதற்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை 14 முதல் 21 நாள் தருவார்கள். முதல் வாரத்திலேயே களி உருண்டை தொண்டையில் இறங்கியது.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உதவவில்லை. "பழைய எச்ஐவி கூட்டு மாத்திரையில் ஜிடோவுடின் என்ற மருந்து இருக்கிறதா பாருங்கள்" என்றாரே ஒருவர், அதுதான் சரி. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியை அது குறைக்கும். அந்த மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. தர்மபுரி ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். இப்போது ஹீமோகுளோபின் 10.2.

எதிர்பாராதது எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 112. இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுக்கும், ஜிடோவுடினில் பெரிதாகும். ரிப்போர்ட்டில் அந்த வரியையும் பாருங்கள். அப்புறம், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை பாக்கி.