23.976-ஐ 24 ஆக்கினால் என்ன குடி முழுகிவிடும்?

தட்டுப்பித்தன்: “டிவிடி படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றும்போது நொடிக்கு 24 பிரேம் என்று போட்டால் போதும், 23.976 எல்லாம் வீண் ஜம்பம்” என்று நேற்று ஒருவருக்கு நிழலுருவன் அறிவுரை வழங்கியிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஒலியைத் தொடாமல் பிரேம்களை (அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களை) மட்டும் 24-இல் ஓட்டினால் இரண்டு மணி நேரப் படத்தில் 7.2 நொடி முந்திவிடும். கடைசிக் காட்சியில் கதவு சாத்தியாகிவிடும். சத்தம் சாவகாசமாக வரும்.

நிழலுருவன்: ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? இருபது தட்டுகள் மாற்றியிருக்கிறேன். ஒன்றில்கூட உதடு பிசகவில்லை.

தட்டுப்பித்தன்: பிசகியிருக்காது. உங்கள் மென்பொருள் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு பிரேமை இரட்டித்து ஒட்டுப் போட்டிருக்கும். கேமரா மெதுவாக நகரும் காட்சியைப் பாருங்கள், வண்டி பள்ளத்தில் இறங்கியதுபோல் ஒரு குலுக்கல். கண் இருந்தால் தெரியும்.

நிழலுருவன்: முதலில் 7.2 நொடி என்றீர்கள், இப்போது குலுக்கல் என்கிறீர்கள். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தட்டுப்பித்தன்: ஒட்டுப் போடாவிட்டால் 7.2 நொடி. போட்டால் குலுக்கல். இதுகூடப் புரியாதவர் அறிவுரை சொல்கிறார்!

அரைத்தூக்கம்: என் தட்டு 25 காட்டுகிறதே?

கத்தரிக்கோல்: அதை 25-லேயே விடுங்கள். 24-இல் எடுத்த படத்தை வேகப்படுத்தியிருப்பார்கள். 100 நிமிடம் 96 ஆகியிருக்கும். இன்னொன்று, ‘பிரேம்’ எதற்கு? ‘சட்டகம்’ என்று எழுதலாமே.

நிழலுருவன்: சட்டகம் சுவரில் மாட்டுவது.

கத்தரிக்கோல்: பிரேமையும் சுவரில்தான் மாட்டுகிறார்கள் ஐயா.

தட்டுப்பித்தன்: பேச்சை மாற்றாதீர்கள். போன மாதம் “29.97-ஐ அப்படியே விடுங்கள்” என்றவரும் இதே நிழலுருவன்தான். நம்பிச் செய்தேன். ஐந்து பிரேமுக்கு இரண்டில் சீப்புப் பல் போலக் கோடு. ஓர் இரவு வீண்.

நிழலுருவன்: அது வீடியோ கேமராவில் எடுத்த மேடை நிகழ்ச்சிக்குச் சொன்னது. அதற்கு 29.97தான். திரைப்படத்துக்குப் போட்டது உங்கள் கைவண்ணம்.

தட்டுப்பித்தன்: அப்படி எங்கே எழுதியிருந்தீர்கள்? அது போகட்டும், 7.2 நொடிக்குப் பதில் எங்கே?

நிழலுருவன்: இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன். கதவும் சத்தமும் ஒன்றாகவே வருகின்றன.

தட்டுப்பித்தன்: ஒட்டுப் போட்ட கதவு.

அரைத்தூக்கம்: 25-இல் குரல் கீச்சென்று கேட்கிறதே, அதற்கு என்ன வழி?

தட்டுப்பித்தன்: கொஞ்சம் பொறுங்கள், இவர் முதலில் 7.2-க்குப் பதில் சொல்லட்டும்.