நவம்பர் வருகிறது: கேரி பக்கம் இருப்பவர்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஏ.சி.சி. பெண்கள் கால்பந்து பார்க்கப் போங்கள்

கேள்வி:

வணக்கம். ஆகஸ்டில்தான் மதுரையிலிருந்து வட கரோலினா மாரிஸ்வில் வந்தோம். கணவருக்கு ஆர்.டி.பி. (ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க்) பகுதியில் வேலை. மகளுக்கு 11 வயது. ஊரில் தெருப் பையன்களோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவள், இங்கே வந்த நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. கணவரின் ஆபீஸில் ஒருவர், “ஏ.சி.சி. பெண்கள் சாக்கர் (நம் கால்பந்துதான்) டோர்னமென்ட் பக்கத்து ஊர் கேரியில்தான் நடக்கும், கூட்டிப் போங்கள்” என்றாராம். காலேஜ் பிள்ளைகள் ஆடுவதை டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டுமா? போனால் எங்களுக்குப் புரியுமா?

பதில்:

கண்டிப்பாகப் போங்கள். உங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் பெரியவள் ஞாபகம்தான் வந்தது. 2022-இல் நாங்கள் இங்கே வந்த புதிதில் அவளும் இப்படித்தான் சுருண்டு கிடந்தாள்.

முதலில் ஒன்று. காலேஜ் ஆட்டம் என்றதும் நம் ஊர் ஸ்போர்ட்ஸ் டே மாதிரி நினைக்காதீர்கள். 1972-இல் டைட்டில் நைன் என்று ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டும் அதற்குள் அடக்கம் என்பதால் பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளை வளர்க்க ஆரம்பித்தன. அதில் முன்னால் ஓடியது உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில், சேப்பல் ஹில் ஊரில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம். அங்கே ஆன்சன் டோரன்ஸ் என்ற பயிற்சியாளர் 1979-இலிருந்து 2024 வரை பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டார். காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1982-இல் தொடங்கிய தேசியப் போட்டியில் மட்டும் 21 பட்டம் வாங்கிக் கொடுத்தார். அமெரிக்க அணியின் நட்சத்திரமாக இருந்த மியா ஹாம் அவரிடம் ஆடியவர். இங்கிலாந்துக்கு ஆடும் லூசி புரோன்ஸும் அலெஸ்ஸியா ருஸ்ஸோவும் கூட அங்கே ஆடியவர்கள்தான். டோரன்ஸ் ஓய்வு பெற்ற அதே வருட டிசம்பரில் அந்த அணி 22-ஆவது பட்டத்தை வென்றது, அதுவும் கேரி மைதானத்திலேயே.

இப்போது ஏ.சி.சி.க்கு, அதாவது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு வருவோம். இது 17 பல்கலைக்கழகப் பெண்கள் அணிகள் மோதும் ஒரு லீக். அட்லாண்டிக் என்று பேர் இருந்தாலும் 2024-இலிருந்து கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இதில்தான் ஆடுகின்றன. ஆகஸ்டு நடுவில் சீசன் தொடங்கும், அக்டோபர் கடைசியில் லீக் ஆட்டங்கள் முடியும். மேலே வந்த அணிகளுக்கு மட்டும்தான் இந்த டோர்னமென்ட். தோற்றால் வெளியே. முதல் சுற்று, பட்டியலில் மேலே இருக்கும் அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும். அரையிறுதியும் இறுதியும் சில வருடங்களாகவே கேரியின் வேக்மெட் சாக்கர் பார்க்கில். ஜெயிக்கும் அணிக்கு 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் நேராக இடம். மற்றவர்களுக்குத் தேர்வுக் குழு இடம் கொடுத்தால்தான் உண்டு. சின்ன லீக்குகளில் பட்டம் வென்ற ஒரே அணிதான் போகும். ஏ.சி.சி.யில் நிறைய பேருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவு பலமான லீக். ஃப்ளோரிடா ஸ்டேட் 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை இந்தப் பட்டத்தை எடுத்தது. 2023-இல் அதே கையோடு தேசிய இறுதியில் ஸ்டான்ஃபோர்டை 5-1 என்று வென்றது.

புரியுமா என்று கேட்டீர்கள். கால்பந்து தெரிந்தால் போதும், ஆனால் சில விஷயம் வேறு மாதிரி இருக்கும். கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து கீழே இறங்கும். கோல் விழுந்தாலோ, கார்டு காட்டினாலோ, யாருக்காவது அடிபட்டாலோ அது நின்றுவிடும். அதனால் டிவியில் பார்ப்பது போல கடைசியில் கூடுதல் நிமிடம் என்ற பேச்சே இல்லை. பூஜ்யம் வந்ததும் ஹாரன் அடிக்கும், அதற்குள் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். வெளியே போன ஆட்டக்காரி இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்ப வரலாம். லீக் ஆட்டம் சமனில் முடிந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். டோர்னமென்டில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பகுதி கூடுதல் ஆட்டம், அப்புறம் பெனால்டி. பெனால்டியில் தோற்றவர்களுக்குக் கணக்கில் அது சமன்தான், ஆனால் பட்டம் அடுத்தவர்களுக்கு.

நாங்கள் முதலில் பார்த்தது 2022 இறுதி. ஃப்ளோரிடா ஸ்டேட் 2, வட கரோலினா 1. கடைசிப் பத்து வினாடி வந்ததும் மைக்கில் எண்ண ஆரம்பித்தார்கள். பத்து, ஒன்பது, எட்டு... என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். இறங்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வந்து மூன்று மாதத்தில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது அன்றுதான்.

ஆட்டம் முடிந்து வேலியோரம் நின்றோம். முழங்காலில் புல் கறையோடு, கண் சிவந்து, ஒரு கரோலினாப் பெண் வந்தாள். தோற்ற அணி. அப்படியும் நின்று சின்னப் பிள்ளைகளின் பந்திலும் சட்டையிலும் கையெழுத்துப் போட்டாள். என் மகளிடம் பந்து இல்லை, கோயில் பிரசாதம் வாங்கிய காகிதப் பையை நீட்டினாள். அந்தப் பெண் குனிந்து, “எந்த இடத்தில் ஆடுவாய்?” என்று கேட்டாள். இவள், “எங்கே விட்டாலும்” என்றாள். அந்தப் பை இன்னும் அவள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் “விளையாட்டு போதும், படி” என்று பெண் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் உட்கார வைக்கப்பட்டேன், இன்றும் அந்த வருத்தம் எனக்கு உண்டு. படிப்பையும் பந்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்களை உங்கள் மகள் கைக்கு எட்டும் தூரத்தில் பார்க்கட்டும்.

கிளம்பும் முன்: டிக்கெட்டை போனில் வாங்கி முன்பே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலான மைதானங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் விடுவார்கள், எனவே கைப்பையை வீட்டிலேயே வையுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெயில் அடித்தாலும் ஜாக்கெட்டும் ஒரு போர்வையும் வேண்டும், பொழுது சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்கும். இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் நிறம்: வெளிர் நீலம் கரோலினா, அடர் நீலம் டியூக், சிவப்பு என்.சி. ஸ்டேட். இந்த ஊரில் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும் “நீங்கள் யார் பக்கம்?” என்று கேட்பார்கள். ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தில் பழக அது நல்ல வழி.

கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா. மகளிடம் படித்துக் காட்டினேன், எப்போது என்று கேட்கிறாள். இன்னொன்று. இப்போதே பெரிய கிளப்பில் சேர்த்தால் காலேஜ் ஃபீஸ் மிச்சம் என்று ஒருவர் சொல்கிறாரே?

பதில்:

அந்தக் கணக்குப் போட்டுச் சேர்க்காதீர்கள். பல வருடமாக ஒரு பெண்கள் அணிக்கு மொத்தமே 14 ஸ்காலர்ஷிப்தான், அதையும் இருபது பேருக்கு மேல் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது விதி மாறி, வருவாய்ப் பங்கீட்டில் (ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டில்) சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அணிக்கு 28 பேர் என்று வரம்பு. கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, எல்லாருக்கும் முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. ஊர் ஊராகப் போய் ஆடும் கிளப்புக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும், சனி ஞாயிறும் போகும். முதலில் டவுனில் பொழுதுபோக்குக்காக நடக்கும் சாதாரண ரெக் லீக்கில் ஒரு சீசன் ஆடட்டும். அதில் ஆட முன் அனுபவம் தேவையில்லை. அவளே இன்னும் வேண்டும் என்று கேட்டால் அப்போது கிளப்பைப் பாருங்கள். இங்கே ஹைஸ்கூலில் பெண்கள் சாக்கர் வசந்த காலத்தில் நடக்கும், அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

அப்புறம், நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். போன் தானாக மாறிவிடும், சுவர்க் கடிகாரம் மாறாது. 2022 இறுதி அந்த ஞாயிறுதான். நாங்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ப் பூட்டிய கேட் முன்னால் நின்றோம். உங்கள் வீட்டுக் கடிகாரத்தை சனிக்கிழமை ராத்திரியே மாற்றிவிடுங்கள்.