சீலிங்கில் துளை போடும் ரோபோ: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

புதுக்கோட்டைக்காரன்:
சிங்கப்பூரில் பைப், டக்ட் (ஏசி காற்றுக் குழாய்) வேலை எடுக்கும் ஒரு சப்-கான் (துணை ஒப்பந்த) கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பைப்பையும் டக்ட்டையும் தொங்கவிடும் ஆங்கர் போல்ட்டுக்காக சீலிங்கில் துளை போடும் ரோபோவை வாடகைக்கு எடுக்கலாமா என்று முதலாளி என்னிடம் கேட்டிருக்கிறார். அந்த வேலையை 11 வருடம் என் கையால் செய்திருக்கிறேன். ஏணியில் நின்று, டிரில்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கண்ணெல்லாம் கான்கிரீட் தூசி. வலது தோள் இன்றும் ராத்திரியில் வலிக்கும். அதனால் மெஷின் வரட்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் முதலாளிக்குக் கணக்கு வேண்டும். உங்கள் சைட்டில் எப்படி முடிவெடுத்தார்கள்?

பிம்_ராணி:
அண்ணே, எங்கள் கம்பெனியை அசைத்தது லெவிதான், வெளிநாட்டு ஆள் ஒவ்வொருவருக்கும் கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டும் மாத வரி. 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைத் திறன் உள்ள ஆளுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர்திறன் ஆளுக்கு 500. ஒரு உள்ளூர் ஊழியருக்கு 7 வெளிநாட்டு ஆட்கள் என்று இருந்ததும் அப்போதுதான் 5 ஆனது. இனி ஆள் சேர்க்க முடியாது என்ற பிறகுதான் ரோபோ பேச்சே வந்தது.

வந்த முதல் மாதம் பாதி நாள் சும்மா நின்றது. தப்பு எங்கள் டிராயிங்கில். ஹில்டியின் ஜெய்பாட் போன்ற மெஷின்கள், பிம் மாடலில் (கட்டிடத்தின் கம்ப்யூட்டர் 3டி மாடல்) குறித்த புள்ளிகளை வைத்துத்தான் துளை போடும். எங்கள் மாடலில் டக்ட் ஒரு பக்கம், சைட்டில் வேறு பக்கம். ஆள் என்றால் பார்த்து நகர்த்திப் போட்டுவிடுவார். அப்புறம் தரை முழுக்க பைப்பும் போர்டு கட்டும் கிடந்தால் மெஷின் எங்கே போகும்? கடைசியில் கார் பார்க்கில் மட்டும் இறக்கினோம். வரிசையாக ஆயிரக்கணக்கில் துளைகள், காலித் தரை. அங்கே நன்றாக ஓடியது.

ஒசாகா_செல்வம்:
ஜப்பானில் ஷிமிசு என்ற கட்டுமானக் கம்பெனி 1980களிலேயே தீத்தடுப்புப் பூச்சு தெளிக்கும் ரோபோ செய்தது. 90களில் பொருளாதாரம் சரிந்து கட்டுமானம் குறைந்ததும் அந்த வேகம் போய்விட்டது. இப்போது ஆட்களுக்கு வயதாகிவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து கட்டுமானத்திலும் ஓவர்டைமுக்குச் சட்ட வரம்பு வந்துவிட்டது. கஜிமா, ஷிமிசு, தகெனகா எல்லாம் போட்டியாளர்கள்தான், ஆனாலும் 2021இல் கூட்டமைப்பு தொடங்கி ரோபோக்களைச் சேர்ந்தே உருவாக்குகிறார்கள். ஒரே கம்பெனியின் சைட்டுகளை மட்டும் நம்பிச் செய்தால் செலவு கட்டாது. ஆகவே தம்பி, அடுத்த இரண்டு வருடத்துக்கு இதே மாதிரி வேலை கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு பிராஜெக்டுக்கு என்றால் அவசரப்பட வேண்டாம்.

புதுக்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. எங்களுக்கும் பேஸ்மென்ட் கார் பார்க் 2 மாடி இருக்கிறது. நாளைக் காலை மாடலை எடுத்துக்கொண்டு ஒரு மாடி முழுக்க அளந்து பார்க்கிறேன். ரோபோ வந்தால் அதை ஓட்ட, இப்போது ஏணியில் நிற்கும் நம் பையன்களையே பழக்க வேண்டும் என்றும் முதலாளியிடம் கேட்கப் போகிறேன்.