பழைய பெட்ரோலால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கெடுமா?

கேள்வி: என் புல்வெட்டும் இயந்திரம் 4 மாதமாகச் சும்மா கிடந்தது. டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோலோடு இழுத்தால் கிளம்புகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரைக் கொடுத்ததும் அணைந்துவிடுகிறது. சோக் (காற்றைக் குறைக்கும் அடைப்பு) பாதி போட்டால் மட்டும் ஓடுகிறது. பெட்ரோலில் ஆயில் 50:1 கணக்கில்தான் கலந்தேன்.

பதில்: சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் எரிபொருள் போதவில்லை. அப்படியே ஓட்டாதீர்கள். ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது, அதனால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் கீறிப்போகும். டேங்க்கில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். டேங்க்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்கு முதலில் கிடைப்பது அதுதான். நான் ஒரு பிஸ்டனை இப்படித்தான் இழந்தேன்.

இன்னொருவர்: ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஆக்டேன் என்பது தட்டலை (பெட்ரோல் எஞ்சினுக்குள் தாறுமாறாக வெடிப்பதை) தாங்கும் திறன், அவ்வளவுதான். கையேட்டில் சொன்ன அளவு போதும். புதுசா என்பதுதான் முக்கியம்.

முதலில் கேட்டவர்: பாட்டிலில் அடுக்கு எதுவும் இல்லை. ஆனால் வார்னிஷ் வாடை அடிக்கிறது. கார்புரேட்டரைத் திறந்தேன், எரிபொருளை உள்ளே இழுக்கும் மெல்லிய சவ்வான டயாப்ரம் காய்ந்த இலை மாதிரி விறைத்திருக்கிறது.

பதில்: அப்போ அதுதான் காரணம். புது டயாப்ரம் போடுங்கள், கார்புரேட்டர் சல்லடையில் பழைய பெட்ரோலால் படிந்த பிசினைக் கழுவுங்கள். அப்புறம் புது பெட்ரோல், லிட்டருக்கு 20 மில்லி ஆயில். ஒரு மாதத்துக்கு மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.