லேசர் இணைவு: வகுப்பில் செய்துகாட்ட யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பினாங்கு, பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பரில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி அணுக்கரு இணைவில் (லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதில்) 3.15 மெகாஜூல் எடுத்தார்களே, அதைப் பற்றிப் பேச்சு வந்தது. 192 கற்றைகள் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அதைவிட வியப்பு, ஹைட்ரஜன் எரிபொருளை உள்ளே வைத்திருக்கும் அந்த வைர உருண்டைதான். விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அதன் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி இருந்தாலும் வம்புதான். எரிபொருள் நிரப்பும் குழாய், முடியைவிட மெல்லியது, அதுவும் ஒரு குறையே. உருண்டை உள்நோக்கிச் சுருங்கும்போது குறை பெருத்து, ஓட்டின் கார்பன் நடுவிலுள்ள எரிபொருளில் கலக்கிறது. கார்பன் வெப்பத்தை எக்ஸ் கதிராக வெளியே விட்டுவிடும், இணைவு படுத்துவிடும்.

"இத்தனூண்டு குழி எப்படி சார் வளரும்?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. கனமான பொருளை லேசானது தாங்கும்போது இரண்டின் எல்லையிலுள்ள சிறு மேடுபள்ளம் பெருத்துக்கொண்டே போகும்; இதுதான் ரேலி-டெய்லர் நிலையின்மை. அதற்குச் சமன்பாடு எழுதினால் தூங்கிவிடுவார்கள். அப்புறம், சாயம் கலந்த உப்புநீரை நல்ல தண்ணீர்மேல் மெதுவாக ஊற்றிப் பார்த்தேன். விரல் விரலாக இறங்குகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கலங்கிவிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே சிறு குறை வைத்து, அது வளர்வதைக் காட்ட என்ன செய்யலாம்? பக்கத்தில் யாரிடமாவது ஒடுக்கமான கண்ணாடித் தொட்டி இருந்தால் இரவல் கிடைக்குமா?