தீபாவளி விருந்தில் சைவ உணவினர்: ஒரே சமையலறையில் எப்படிச் சமாளிப்பது?

செங்காங் மருமகள் கேட்கிறார்:

வணக்கம். இந்த ஆண்டுத் தீபாவளி மதிய விருந்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது. மொத்தம் 22 பேர் வருகிறார்கள். எங்களுடையது சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அடுப்பில் இரண்டே பர்னர்கள். தீபாவளியன்று காலையில் இட்லியோடு ஆட்டுக்கறிக் குழம்பும் மதியம் பிரியாணியும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வருடமும் கழிந்ததில்லை என்று மாமியார் பெருமையாகச் சொல்வார்.

இம்முறை நிலைமை வேறு. என் கொழுந்தனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டார் ஐந்து பேர் முதன்முறையாக எங்கள் வீட்டில் கை நனைக்கப் போகிறார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவினர். அவர்களுள் பாட்டியார் விசேஷ நாள்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்த்துக்கொள்வதில்லை. எதிர்வீட்டுச் சீனத் தம்பதியும் முழுச் சைவம்தான். பதினொரு ஆண்டுகளாக அவர்களுக்கு முறுக்குத் தட்டு மட்டுமே கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். இந்த ஆண்டு உட்கார்ந்து சாப்பிட வாருங்கள் என்று அழைத்துவிட்டேன்.

முன்பு ஒருமுறை எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் கூடத்தில், என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வெறும் சோற்றில் தயிர் ஊற்றிக்கொண்டு, "எனக்கு இதுவே போதும்" என்று சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. அதுபோல மறுபடியும் நடக்கக்கூடாது. பாத்திரங்களை எப்படிப் பிரிப்பது, எதை முதலில் சமைப்பது, என்னென்ன செய்தால் சைவ விருந்தினர்களுக்கும் அது விருந்தாக இருக்கும், வெளியில் சொல்லிச் செய்து வாங்குவது சரியா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தேக்கா பழைய வாசி எழுதுகிறார்:

சகோதரி, நீங்கள் கேட்டவற்றில் பாத்திரப் பிரச்சினைதான் எளிது. கடினமானது விருந்தின் அமைப்பு. பெரும்பாலான வீடுகளில் அசைவ விருந்தை முழுதாகத் திட்டமிட்டுவிட்டு, வருகிற சைவக்காரர்களுக்காக ஒரு சாம்பாரும் ஒரு முட்டைக்கோஸ் பொரியலும் ஓரத்தில் சேர்க்கிறோம். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். சோறு, சாம்பார், ரசம், கூட்டு, இரண்டு பொரியல், வடை, பாயசம், அப்பளம் என்று முழு இலைச் சாப்பாட்டை 22 பேருக்கும் சைவமாகச் சமைத்துவிட்டு, அதன் மேல் கறிக் குழம்பு ஒன்றை மட்டும் கூடுதலாக வையுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. சம்பந்தி வீட்டாருக்கோ, இது தங்களுக்காகத் தனியாகச் செய்தது என்ற கூச்சமே வராது. பிரியாணியை மட்டும் இம்முறை விட்டுவிடச் சொல்வேன். சமையலறையின் பாதி இடத்தையும் நேரத்தையும் அது ஒன்றே விழுங்கிவிடும்.

கறிக் குழம்பை முந்தைய இரவே வைத்து, ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதன் ருசி கூடுமே தவிரக் குறையாது. அன்றிரவே அடுப்பையும் மேடையையும் கழுவித் துடைத்து, சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டால், காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து வரும்போது சமையலறை முழுதும் சைவச் சமையலுக்கு உங்கள் கையில் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மரக்கரண்டி, மரப்பலகை, பழகிய இரும்புக் கல் ஆகியவை வாசத்தையும் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றைச் சைவத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. வடைக்குப் புதிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பஃபே முறையை மட்டும் வைக்காதீர்கள். பஃபேயில் கரண்டிகள் ஊர் சுற்றும். யாராவது ஒரு பொடியன் குழம்புக் கரண்டியைக் கூட்டில் போட்டுவிட்டால், பாட்டியார் அன்றைக்கு அந்தக் கூட்டைத் தொடமாட்டார். வாய் திறந்து காரணமும் சொல்லமாட்டார். தேக்கா சந்தையில் வாழை இலை வாங்கிப் பந்தி போடுங்கள். கறி பரிமாறுபவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். அவர் வேறு எந்தக் கரண்டியையும் தொடக்கூடாது.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்துக்குக் கடையில் சாயுர் லோடே என்ற மலாய்க் குழம்பை வாங்கி வைத்தோம். காய்கறியும் தேங்காய்ப்பாலும்தானே என்று நினைத்து, சைவ மேசையில் நானேதான் வைத்தேன். வந்திருந்த ஒருவர் பாதி சாப்பிட்ட பிறகு, அரைத்த மசாலாவில் காய்ந்த இறால் இருப்பதைக் கண்டுகொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவினார். இந்த ஊரில் காய்கறி உணவு என்பதும் சைவ உணவு என்பதும் ஒன்றல்ல. கங்கோங் கீரைச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், நாசி லெமாக் சம்பலில் நெத்திலி இருக்கும், சீனக் கடைக் கீரையில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். உறவினர்கள் அன்போடு ஏதாவது சமைத்து எடுத்து வருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரியாவிட்டால் கறி மேசைப் பக்கம் வைத்துவிடுங்கள்.

அடுப்படி அன்னம் எழுதுகிறார்:

மேலே எழுதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாலும், உங்கள் எதிர்வீட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அண்ணி சீனப் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் இதை அனுபவத்தில் எழுதுகிறேன்.

சீனப் பௌத்தர்களிலும் சைவத்தைக் கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பூண்டு, வெங்காயத்தாள், குச்சாய் (சீனப் பூண்டுத்தாள்), சின்ன வெங்காயம் போன்ற கார வாசமுள்ள ஐந்து வகைகளை விலக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. ஆகவே பாட்டியாருக்குச் செய்கிற சமையலையே அவர்களுக்கும் பரிமாறலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெங்காயம், பூண்டு இல்லாத குறையை நாம் எதைக் கொண்டு ஈடுகட்டுகிறோம்? பெருங்காயத்தைக் கொண்டுதானே! பழைய பௌத்த நூல்கள் விலக்கச் சொல்லும் ஐந்தில் ஐந்தாவதாகக் கருதப்படுவது அதே பெருங்காயம்தான். சீனச் சமையலில் அது அவ்வளவாகப் புழங்குவதில்லை என்பதால், இன்று பலர் அந்த இடத்தில் பெரிய வெங்காயத்தைச் சேர்த்துச் சொல்கிறார்கள். உங்கள் எதிர்வீட்டார் அதைப் பொருட்படுத்தாதவர்களாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முட்டை, பால் சேர்ப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். சிலர் இரண்டையும் சேர்ப்பார்கள், சிலர் ஒன்றை மட்டும், சிலர் எதையுமே சேர்ப்பதில்லை.

அப்படிக் கேட்டு அவர்கள் வேண்டாம் என்றால், பெருங்காயம் இல்லாமலும் நல்ல சமையல் செய்யலாம். தனியா, கடலைப்பருப்பு, வெந்தயம், மிளகாய் வற்றலை வறுத்துத் தேங்காயோடு அரைத்துவிட்ட வெள்ளைப்பூசணிச் சாம்பார், மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்ட ரசம், இஞ்சியும் மிளகும் மட்டும் சேர்த்த மெதுவடை ஆகியவற்றில் எதுவும் குறைந்ததாக யாருக்கும் தோன்றாது. பலாக்காய் கிடைத்தால் சோம்பு, பட்டை, தேங்காய் அரைத்து ஒரு குழம்பு வையுங்கள். கறிக் குழம்பு சாப்பிட உட்கார்ந்தவர்களும் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

உறைநிலையில் விற்கும் சோயா "ஆட்டிறைச்சி"யை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தலைமுறையாகச் சைவமாக இருப்பவர்களுக்கு இறைச்சிபோல் தோன்றும் பொருளைப் பார்த்தாலே சங்கடமாக இருக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்திருக்கும், சிங்கப்பூரில் முட்டையும் பாலும் சேர்த்திருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட்டாக வேண்டும்.

இன்னொன்று, நாள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீன மாதத்தின் முதல் நாளும் அப்படியே. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, சீன மாதப் பிறப்பு நவம்பர் 1. 2025இல் அக்டோபர் 20, 21. முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் சைவம் சாப்பிடும் சீனர்கள் இங்கு நிறையப் பேர். நம்மிலும் கேதாரகௌரி விரதமோ, அடுத்துத் தொடங்கும் கந்த சஷ்டி விரதமோ இருப்பவர்கள் உண்டு. ஆகவே தீபாவளிக்கு மறுநாளோ அந்த வாரத்திலோ விருந்து வைத்தால், நீங்கள் எண்ணி வைத்திருக்கும் ஏழு சைவக்காரர்கள் பத்துப் பேராகிவிடலாம்.

ஈசூன்காரர் எழுதுகிறார்:

பந்தி போடச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பலர் செய்வதுபோல் முதல் பந்தி சைவம், இரண்டாம் பந்தி அசைவம் என்று பிரித்துவிடாதீர்கள். சம்பந்தி வீட்டார் ஐந்து பேரையும் தனியாக உட்கார வைத்துவிட்டு, நம் வீட்டார் சுற்றி நின்று பரிமாறினால், அவர்களுக்கு அது விருந்தைவிடப் பரீட்சைபோல இருக்கும். உங்கள் மாமனார், மாமியார், கொழுந்தன் மூவரும் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து, அந்த ஒரு வேளை அதையே சாப்பிடட்டும்.

வெளியில் வாங்குவதானால் முழுச் சைவ உணவகத்தில் மட்டும் வாங்குங்கள். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் போன்ற இடங்களில் இந்தக் கவலை இல்லை. இரண்டும் சமைக்கும் இடங்களில் சைவப் பட்டியல் தனியாக இருக்கும், வாணலி தனியாக இருக்குமா என்பது கேட்டால்தான் தெரியும். தீபாவளி நேரத்தில் கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வந்த உணவைச் சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. சமைத்த நேரம் பெட்டியில் ஒட்டியிருக்கும். விருந்து ஒரு மணிக்கு என்றால் காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லாதீர்கள்.

செங்காங் மருமகள் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் பேசினேன். முதலில், "தீபாவளியும் அதுவுமாகப் பருப்புச் சாம்பாரா?" என்றார். கறிக் குழம்பு உண்டு, பிரியாணிதான் இல்லை என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கறியைத் தாமே பரிமாறுவதாகவும் சம்பந்தி அம்மாவோடு அடுத்த பந்தியில் உட்காருவதாகவும் சொன்னார். அவர் பரிமாறினால் அவருக்காகச் சம்பந்தி அம்மாவும் காத்திருக்க வேண்டும். ஆகவே கறிக் கரண்டியை என் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அதில் மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான்.

எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டதில், பால், தயிர் பரவாயில்லை, முட்டை வேண்டாம் என்றார். பெருங்காயத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. டப்பாவைத் திறந்து காட்டியதும் முகம் சுளித்து, தமக்கு இது வேண்டவே வேண்டாம் என்று சிரித்தார். எனவே பெருங்காயம் இல்லாத சாம்பார்தான்.

இன்னும் இரண்டு கேள்விகள்: 22 பேருக்கு எவ்வளவு அரிசி, பருப்புப் போட வேண்டும்? இத்தனை ஆண்டுகளாக எதிர்வீட்டுக்கு அனுப்பிய தட்டில் அச்சு முறுக்கும் இருந்ததே, எங்கள் வீட்டு அச்சு முறுக்கில் முட்டை சேர்ப்போமே!

அடுப்படி அன்னம் எழுதுகிறார்:

நாங்கள் இலைச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கு வைப்போம். பொன்னி அரிசி இரண்டேகால் கிலோ போதும். சாம்பாருக்கு 600 கிராம் துவரம்பருப்பு. ஒவ்வொரு பொரியலுக்கும் கழுவி நறுக்கிய காய் ஒன்றரைக் கிலோ. வடை தலைக்கு இரண்டு என்று எண்ணாதீர்கள், மூன்று என்று எண்ணுங்கள். பிள்ளைகள் சமையலறையிலேயே பாதியைத் தீர்த்துவிடுவார்கள்.

முட்டை கலந்த அச்சு முறுக்கைத் தட்டில் பார்த்துவிட்டு அந்த அம்மா இத்தனை ஆண்டுகள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருப்பார். இந்த முறை முட்டையில்லாமல் செய்யுங்கள். பச்சரிசி மாவோடு கால் பங்கு மைதா, கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை, சிட்டிகை உப்பு, எள் சேர்த்துத் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். முழுவதும் முக்கினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. முதல் இரண்டு மூன்று எப்படியும் உடையும், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.