ஸ்ட்ராட் மாடல் கிட்டாருக்கு எந்த பிக்கப் வாங்கலாம்? ரங்கூன் கரண்டில் இரைச்சல், பிரிட்ஜில் ஒல்லிச் சத்தம்

ரங்கூன் மெட்டு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் எலக்ட்ரிக் கிட்டார். பெயர் பெற்ற கம்பெனி இல்லை, ஒருவர் வாசித்துவிட்டு விற்றதை வாங்கினேன். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும், ஒற்றைச் சுருள் உள்ள காந்தம்), ஐந்து நிலை சுவிட்ச், ஒரு வால்யூம், இரண்டு டோன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையில் ஆராதனைக்கு வாசிக்கிறேன். கல்யாணம், திருவிழா என்று வந்தால் லைட் மியூசிக் குழுவோடும் போவேன். பெரும்பாலும் கிளீன் டோன்தான், லீட் வரும் இடத்தில் மட்டும் டிஸ்டார்ஷன் பெடல்.

தொல்லை இரண்டு. கரண்ட் இருக்கும்போது எப்போதும் அடியில் ஒரு "ம்ம்ம்" ஓடுகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் அதோடு கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது, பிரிட்ஜ் பிக்கப், அதாவது கம்பிகள் முடியும் பக்கத்தில் இருப்பது. மழை தொடங்கியதிலிருந்து அதில் சத்தம் பாதியாகி, கொசு கத்துவது போல ஒல்லியாகிவிட்டது.

அடுத்த மாதம் சொந்தக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வருகிறார். சொன்னால் வாங்கி வருவார். மூன்றையும் நல்லதாக வாங்கக் கையில் காசு இல்லை. எதை வாங்கச் சொல்லட்டும்?

மண்டலே லீட்:
பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரண்டு காயில் சேர்ந்த பிக்கப்) போடுங்கள், வேலை முடிந்தது. சிங்கிள் காயில் என்றாலே இரைச்சல்தான். சீமோர் டங்கன் ஜேபி போட்டுத்தான் நான் வாசிக்கிறேன், மூச்சு விடும் சத்தம்கூட வராது.

மோல்மீன் காயில்:
மண்டலேத் தம்பி சொன்ன ஜேபி அருமையான பிக்கப், ஆனால் அது முழு அளவு ஹம்பக்கர். மூன்று சிங்கிள் காயிலுக்கு வெட்டிய பிக்கார்டில் (பிக்கப்புகளைத் தாங்கும் முன்பக்கத் தகட்டில்) உட்காராது. பிக்கார்டு மாற்ற வேண்டும். அடியில் மரத்தில் குழி போதுமான அகலம் இல்லையென்றால் கட்டையையும் குடைய வேண்டும். காசு கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்று தனித்தனி வியாதி ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதலில் அந்த "ம்ம்ம்". அது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் காந்தப்புலம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சிங்கிள் காயில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆம்புக்கு முன்னால் நின்று, கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தால் கூடும், இன்னொரு பக்கம் பார்த்தால் குறையும் என்றால் அது இதுதான். இதற்கு மருந்து எதிரெதிர் காயில் மட்டுமே. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் ஹம்பக்கரின் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதற்காகத்தான். இரண்டு காயிலை எதிர்த்திசையில் இணைத்து, காந்தத்தையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடி வரும்.

அடுத்து கரகரப்பு. மலிவான இன்வெர்ட்டர்கள் கரண்டை வளைவாகத் தராமல் படிப்படியாக வெட்டித் தரும். அதிலிருந்தும், எல்இடி விளக்கு, போன் சார்ஜரிலிருந்தும் மேல் அலைகள் கிளம்பி வரும். கம்பியைக் கையால் தொட்டதும் இது குறைந்தால், கிட்டாரின் உள் வயர்களும் உங்கள் உடம்பும் ஆன்டெனாவாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். இதற்குப் பிக்கப் மாற்றத் தேவையில்லை. உள்குழியில் செப்பு டேப் ஒட்டி கிரவுண்டில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கும். தொட்டால் குறையாமல் கூடினால், ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒல்லிச் சத்தம். இதுதான் எனக்கு உறுத்துகிறது. மல்ட்டிமீட்டர் இருந்தால் இப்படி அளந்து எழுதுங்கள். வால்யூமை முழுசாகத் திறக்கவும். கேபிளைக் கிட்டாரில் மட்டும் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். சுவிட்சை ஐந்து இடத்திலும் வைத்துப் பாருங்கள். மீட்டர் "1" என்று மட்டும் காட்டினால் அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், 2 மெகா ஓமுக்கு மாற்றிப் பாருங்கள்.

ரங்கூன் மெட்டு:
ரொம்ப நன்றி அண்ணே. பக்கத்து ரேடியோக்கடையில் மீட்டர் வாங்கி வந்து அளந்தேன்.

நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருப்பது) 5.7 கிலோ ஓம். நெக்கும் நடுவும் சேர்ந்து 2.8. நடு மட்டும் 5.6. நடுவும் பிரிட்ஜும் சேர்ந்து 5.6. பிரிட்ஜ் மட்டும் வைத்தால் "1", 2 மெகாவில் 0.232.

திரும்பிப் பார்த்தேன், "ம்ம்ம்" கூடிக் குறைகிறது. நெக்கும் நடுவும் சேர்ந்த இடத்தில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கம்பியைத் தொட்டால் கரகரப்பு குறைகிறது. இன்னொன்று, மைக்கில் பாடும்போது உதட்டில் சில நேரம் சுருக்கென்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பெகு எலக்ட்ரீஷியன்:
தம்பி, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். உதட்டில் சுருக்கென்றால் ஆம்புக்கோ மிக்சருக்கோ எர்த் இல்லை, அல்லது ஒன்றில் கசிவு இருக்கிறது. கிட்டார் கம்பி ஆம்பின் கிரவுண்டோடு நேராக இணைந்தது. ஒரு கை கம்பியில், வாய் மைக்கில் இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆம்பும் மிக்சரும் ஒரே எர்த் உள்ள போர்டிலிருந்து போகட்டும். சபையில் பிளக் பாயிண்டுக்கு எர்த் கம்பி இருக்கிறதா, இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அது தொடர்கிறதா என்று ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை பாடிக்கொண்டே வாசிக்க வேண்டாம். எந்த பிக்கப்பும் இதைச் சரிசெய்யாது.

மோல்மீன் காயில்:
பெகு அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள், முதல் வேலை அதுதான்.

இனி உங்கள் அளவு. பிரிட்ஜ் காயில் அறுந்துவிட்டது. நீங்கள் பார்த்த 0.232 மெகா பிக்கப்புடையது இல்லை, வால்யூம் பாட்டுடையது (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை). 250 கே (கிலோ ஓம்) பாட் கொஞ்சம் குறைவாக இருப்பது சகஜம். நடுவும் பிரிட்ஜும் சேர்ந்த இடத்தில் 2.8 வர வேண்டியது, நடுவின் 5.6 மட்டும் வருவதும் அதையே சொல்கிறது. காயில் அறுந்தாலும் சத்தம் முழுசாக நிற்காது. சுற்றுகளுக்கு நடுவே கொஞ்சம் தாவி வரும், அதில் அடிச்சத்தம் எல்லாம் போய் கீச்சு மட்டும் மிஞ்சும்.

பிக்கார்டைக் கழற்றி அந்தப் பிக்கப்பின் அடிப்பக்கம் பாருங்கள். இரண்டு சின்னப் பித்தளைக் கண்கள் இருக்கும். காயிலின் மெல்லிய கம்பி அங்கேதான் சால்டர் செய்யப்பட்டிருக்கும். தலைமுடி அளவுக் கம்பி அது, சுமார் 0.06 மில்லிமீட்டர். வியர்வை உப்பும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் முதலில் அரிப்பது அந்த இடம். முனை மட்டும் விட்டிருந்தால் எனாமலைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம், செலவே இல்லை.

ரங்கூன் மெட்டு:
பார்த்தேன் அண்ணே. கண்ணில் பச்சைப் பூத்திருந்தது. கம்பி அங்கே விட்டிருந்தது, சரி என்று ரேடியோ சயாவிடம் (ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம்) கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒட்டினார், ஆனால் மீட்டர் அசையவில்லை. உள் சுற்றுகளிலும் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. அடிப்பக்கம் குறுக்காக ஒரு கறுப்புக் காந்தக் கட்டி ஒட்டியிருக்கிறது. எர்த் விஷயம் சபைப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன், ஆள் வந்து புதுக் கம்பி இறக்குகிறார்.

மோல்மீன் காயில்:
உள்ளே அரித்துவிட்டால் முழுசாகச் சுற்ற வேண்டும், கிட்டத்தட்ட எட்டாயிரம் சுற்று. செராமிக் கட்டி ஒட்டிய மலிவு பிக்கப்புக்கு அந்த உழைப்பு வீண். மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். நெக்கும் நடுவும் சேர்ந்தால் இரைச்சல் போவது, உங்கள் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றி எதிர்க் காந்தம் வைத்தது என்பதற்கு அடையாளம். கிளீன் டோனுக்கு அந்த இடத்தையே பழக்கிக்கொள்ளுங்கள், ஆராதனைப் பாடலுக்கு அதுபோல இனிமையான இடம் ஸ்ட்ராட்டில் வேறு இல்லை.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: சிங்கிள் காயில் அளவில் வரும் ஹம்பக்கர். சீமோர் டங்கன் ஹாட் ரெயில்ஸ் இந்த வகை. லீட்டுக்கு அது பொங்கி வரும், ஆனால் நெக்கிலிருந்து மாறும்போது சத்தம் தூக்கிப்போடும். உங்கள் வாசிப்புக்கு லிட்டில் 59 பொருத்தம் என்பேன், அது அவ்வளவு முரட்டு இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓமைப் பார்த்து "16 பெரியது, 6 சின்னது" என்று தீர்மானிக்க வேண்டாம். கம்பி மெலிந்தாலே ஓம் ஏறும். காந்தம், சுற்று, வடிவம் எல்லாம் சேர்ந்துதான் சத்தம்.

சென்னையில் வாங்குபவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். பிரிட்ஜுக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். நான்கு வயரும் ஒரு வெறும் கம்பியும் உள்ளதாக இருக்க வேண்டும்.

ரங்கூன் மெட்டு:
லிட்டில் 59 என்று சொல்லிவிட்டேன். ஹம்பக்கர் என்றால் 500 கே பாட் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதையும் வாங்கி வரச் சொல்லட்டுமா? வயர் நிறங்களையும் சொன்னால் சயாவிடம் காட்டிவிடுவேன்.

மோல்மீன் காயில்:
வேண்டாம், 250 கேயே இருக்கட்டும். 500 போட்டால் நெக்கும் நடுவும் கண்ணாடி கீறுகிற அளவுக்குக் கூர்மையாகிவிடும். 250-ல் புது பிக்கப் கொஞ்சம் மங்கும், ஸ்ட்ராட் பிரிட்ஜுக்கு அது நல்லதே.

டங்கன் நிறங்கள்: கறுப்பு சுவிட்சுக்கு, பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்டுக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி சால்டர் வைத்து டேப் சுற்ற வேண்டும். டிமார்சியோ கைக்கு வந்தால் கணக்கு வேறு: சிவப்பு சுவிட்சுக்கு, பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்டுக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்த்து. மாற்றிய பிறகு நடுவும் பிரிட்ஜும் சேர்ந்த இடத்தில் மூக்கடைத்த மாதிரி சத்தம் வந்தால் டங்கனில் கறுப்பையும் பச்சையையும், டிமார்சியோவில் சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெறும் கம்பி மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

பிக்கார்டு திறந்திருக்கும்போதே செப்பு டேப்பையும் ஒட்டிவிடுங்கள். பசையும் மின்சாரம் கடத்தும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் துண்டுக்குத் துண்டு சால்டர் பொட்டு வைக்க வேண்டும். சுவிட்சின் கால்கள் டேப்பில் இடிக்கிற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், இடித்தால் சத்தமே வராது.

உயரம்: கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் அதைவிடக் கொஞ்சம் கம்மி. அங்கிருந்து தொடங்கி, நெக்கோடு சத்தம் சமமாகும்வரை ஸ்க்ரூவைத் திருகுங்கள். மாட்டியதும் மறுபடி ஐந்து இடத்திலும் மீட்டர் வைத்து எண்களை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.